கோவிட் ஆன்டிபாடி எண்ணும் புதிய திரிபுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் ‘முழு உடல் பரிசோதனை’ என்று விளம்பரம் செய்யும் லேப்கள் பலவற்றின் பட்டியலில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு வரிசைக்குக் கீழே ‘கோவிட் ஆன்டிபாடி’ (வைரஸைப் பிடிக்க நம் உடல் செய்துகொள்ளும் எதிர்ப்புப் புரதம்) என்ற வரி இன்னும் நிற்கிறது. புதிய திரிபு (மரபு மாறிய வைரஸ் வகை) ஒன்றின் பெயர் செய்தியில் அடிபடும் போதெல்லாம் அந்த ஒரு வரிக்காகவே ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உண்டு. ரிப்போர்ட்டில் 1,800 என்று வந்தால் ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று இருமலோடு கல்யாண மண்டபத்துக்குப் போகிறார்கள். 40 என்று வந்தால் ‘எதிர்ப்புச் சக்தி எல்லாம் போச்சு’ என்று தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இரண்டுமே தவறான முடிவு. ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எண்ணில் பொய் இல்லை. 2020 ஜனவரியில் வெளியான வூஹான் வைரஸின் மரபு வரிசையைக் கொண்டு செய்த ஸ்பைக் புரதத்தின் (வைரஸின் மேல் முள்போல் நீட்டியிருப்பது) துண்டு ஒன்று பரிசோதனைக் கிட்டில் பூசப்பட்டிருக்கும். அதன் மேல் உங்கள் ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி எவ்வளவு ஒட்டுகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. அந்த வைரஸ் இன்று எந்த ஊரிலும் பரவவில்லை. 2020-ன் நடுவிலேயே ஸ்பைக்கின் 614-ஆம் இடம் மாறிய வைரஸ் அதைத் துரத்திவிட்டது. பிறகு ஆல்ஃபா, டெல்டா, ஒமைக்ரான், ஒமைக்ரானின் பேரன் பேத்திகள் என்று ஆறேழு தலைமுறை தாண்டிவிட்டது. இல்லாத வைரஸுக்கு எதிராக எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிட்டு, இருக்கிற வைரஸ் நம்மை என்ன செய்யும் என்று முடிவு செய்கிறோம்.

அதோடு, ஒட்டுவது வேறு, தடுப்பது வேறு. ஸ்பைக் புரதம் 1,273 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கண்ணிகள்) கோத்த நீளமான சங்கிலி. அதில் 319 முதல் 541 வரையுள்ள பகுதிதான் நம் செல்லின் மேலிருக்கும் ஏ.சி.இ.2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வழி செய்கிறது. ஆன்டிபாடி அந்தப் பற்றும் இடத்தின் மேலோ அதை ஒட்டியோ உட்கார்ந்தால் வைரஸ் முடங்கும். வேறு ஏதாவது மூலையில் ஒட்டினாலும் கருவி அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். வைரஸ் தன் பாட்டுக்கு உள்ளே போகும். அப்படி ஒட்டிய ஆன்டிபாடியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அது வெள்ளையணுக்களை அழைத்து வரும். ஆனால் வாசலில் மறிப்பது அதன் வேலை அல்ல.

ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு லேப். ஒன்றில் 500, இன்னொன்றில் 70 என்று வரலாம். இரண்டு லேபுமே சரியாகத்தான் செய்திருப்பார்கள். அபாட் கருவியின் அலகு ஏ.யூ, 50-க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். அதை உலக சுகாதார நிறுவனத்தின் பொது அலகான பி.ஏ.யூ.வுக்கு மாற்ற 0.142-ஆல் பெருக்க வேண்டும். 500 என்பது 71 ஆகிவிடும். ரோஷ் கருவியில் 0.8-க்கு மேல் இருந்தாலே பாசிட்டிவ். அதன் எண் பொது அலகுக்கு ஏறக்குறையச் சமம். மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டாத லேப் ‘250-க்கு மேல்’ என்று எழுதி நிறுத்திவிடும். போன வருடம் ஒரு லேப், இந்த வருடம் ஒரு லேப் என்று எடுத்து ‘குறைந்துவிட்டது’ என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் கருவியின் பெயரையும் அலகையும் பார்க்க வேண்டும். ஒரே கருவியில் எடுத்தாலும் 480-க்கும் 520-க்கும் வித்தியாசம் கிடையாது; அந்த அளவு ஏற்ற இறக்கம் கருவிக்கே உண்டு.

இன்னொரு குழப்பம், எந்தப் புரதத்துக்கான ஆன்டிபாடி என்பது. சில கிட்கள் ஸ்பைக்கை அளக்காமல் வைரஸின் உள்ளிருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேடும். கோவிஷீல்டு ஸ்பைக்கை மட்டுமே உடலுக்குக் காட்டும் ஊசி. அதைப் போட்டு, ஒருமுறைகூடத் தொற்று வராதவருக்கு இந்த வகைக் கிட்டில் ‘நெகட்டிவ்’ என்றுதான் வரும். ஊசி வேலை செய்யவில்லை என்று பொருள் அல்ல. கோவாக்சின் முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து போடுவது. அதனால் அவர்களுக்கு இரண்டிலுமே வரலாம். ரிப்போர்ட்டில் ‘கோவிட் ஐஜிஜி’ (ஐஜிஜி என்பது ரத்தத்தில் அதிகம் உள்ள ஆன்டிபாடி வகை) என்று மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் படிக்கிறவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

சரி, திரிபு மாறும்போது ஆன்டிபாடிக்கு என்னதான் ஆகிறது? பீட்டா திரிபில் வந்த ஒரு மாற்றத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஸ்பைக்கின் 484-ஆம் இடத்தில் முதலில் இருந்தது குளூட்டமிக் அமிலம். அதற்கு எதிர்மின்னேற்றம். 2020-இல் தொற்று வந்தவர்களின் உடலிலும் முதல் ஊசி போட்டவர்களின் உடலிலும் உருவான வலுவான ஆன்டிபாடிகளில் ஒரு பெரும்பகுதி இந்த இடத்தைத்தான் பிடித்தது. அவற்றில் பலவற்றின் விரல் நுனியில் நேர்மின்னேற்றம் உள்ள ஆர்ஜினின் இருந்தது. எதிரும் நேரும் ஈர்த்துக்கொண்டன. பீட்டாவில் அந்த இடத்துக்கு லைசின் வந்தது. லைசினும் நேர்மின்னேற்றம் கொண்டது. ஈர்த்துக்கொண்டிருந்த இரண்டும் இப்போது ஒன்றையொன்று தள்ளின. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் இடங்களில் ஒரே ஒரு இடம் மாறியதில் ஆன்டிபாடிகளில் ஒரு வகை முழுவதும் பிடியை விட்டது. சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில் கேட்டால் தெரியும்: திருகாணியின் மரை ஒரு இழை மாறினாலும் கொலுசு பூட்டாது, வெள்ளி எத்தனை கிராம் போட்டிருந்தாலும். ரிப்போர்ட்டில் உள்ள எண் வெள்ளியின் எடையைத்தான் சொல்கிறது.

417-ஆம் இடத்திலும் இதே கதை. அங்கே இருந்த லைசின் மாறியதும், எல்லா மனிதர்களுக்கும் எளிதில் உருவாகும் இன்னொரு ஆன்டிபாடிக் குடும்பம் பிடியை இழந்தது. ஆனால் அந்த மாற்றம் வைரஸுக்கும் நட்டம்தான், ஏ.சி.இ.2-ஐப் பற்றும் வலிமை அதனால் குறைகிறது. 498, 501 ஆகிய இரண்டு இடங்களிலும் வந்த மாற்றங்கள் அந்த நட்டத்தை ஈடுகட்டிக் கொடுத்தன. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் கண்டறியப்பட்ட ஒமைக்ரானில் ஸ்பைக்கில் மட்டும் 30-க்கு மேல், பற்றும் பகுதியில் மட்டும் 15 மாற்றங்கள் இருந்தும் அது படுவேகமாகப் பரவியதற்கு இந்த ஈடுகட்டலும் ஒரு காரணம். இரண்டு டோஸ் மட்டும் போட்டவர்களின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), வூஹான் வைரஸைத் தடுத்ததில் இருபதில் ஒரு பங்குகூட ஒமைக்ரானைத் தடுக்கவில்லை. பல மாதிரிகளில் தடுக்கும் திறனை அளக்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்தவையும் அதே நாலைந்து இடங்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒமைக்ரானின் வழிவந்த எக்ஸ்.பி.பி.1.5 என்ற திரிபில் மாறியது 486-ஆம் இடம். ஈ.ஜி.5-இல் 456. 2023 டிசம்பரில் கேரளாவில் கண்டறியப்பட்ட ஜே.என்.1-இல் 455. கே.பி.3-இல் 456-ம் 493-ம் சேர்ந்து. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு மாதிரி ஒன்றில் கண்டறியப்பட்ட என்.பி.1.8.1-இலும் இந்த 456, 493 இரண்டும் உண்டு. ஊர் ஊராக நம் எல்லோருடைய ஆன்டிபாடிகளும் எந்த இடத்தை அழுத்துகின்றனவோ அந்த இடம் மாறிய வைரஸ்தான் தப்பிப் பிழைக்கிறது. ஜே.என்.1-இல் 455 மாறியபோது பற்றும் வலிமை குறைந்தது. 456-ம் 493-ம் சேர்ந்து மாறியதும் அது மீண்டும் ஏறியது. தப்பிப்பதும் பற்றுவதும் என்று வைரஸ் மாறி மாறித் தராசைச் சரி செய்துகொள்கிறது. இதையெல்லாம் யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கோடிக்கணக்கான பிரதிகளில் தற்செயலாக வரும் எழுத்துப் பிழைகளில் பிழைக்கக்கூடியது பிழைக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மருந்துக் கடையிலேயே சாட்சி இருக்கிறது. 2021 மே மாதம் இந்தியாவுக்கு வந்த ‘ஆன்டிபாடி காக்டெயில்’ ஒரு நோயாளிக்கு 59,750 ரூபாய். இரண்டு ஆன்டிபாடிகளின் கலவை. டெல்டாவுக்குக் கேட்டது. ஆறு மாதத்தில் ஒமைக்ரான் வந்ததும் இரண்டுமே பிடிக்கவில்லை. அடுத்து சோட்ரோவிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து. 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியிலிருந்து உருவாக்கியது. வைரஸ் அதிகம் மாற்றாத ஓர் இடத்தைப் பிடிப்பது. அது முதல் ஒமைக்ரானைத் தாங்கி நின்றது. ஒமைக்ரானின் அடுத்த வகையான பி.ஏ.2 வந்ததும் 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் அதற்கான அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. நீண்ட நாள் பாதுகாப்புக்கென்று வந்த எவுஷெல்டு என்ற ஆன்டிபாடி மருந்தும் 2023 ஜனவரியில் அதே வழியில் போனது. விலை கொடுத்து ஏற்றிய ஆன்டிபாடி ரத்தத்தில் குறையாமல் இருந்தது; கருவியில் அளந்திருந்தால் எண் ஆயிரக்கணக்கில் காட்டியிருக்கும். பயன்தான் இல்லை.

அதே 2021 மே மாதத்தில் கோவிட்டிலிருந்து குணமானவர்களின் பிளாஸ்மா (ஆன்டிபாடி உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி) தேடி ரத்த வங்கி ரத்த வங்கியாக ஏறி இறங்கிய குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் இருந்தன. அதற்கு முன்பே, 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்து, மிதமான நோய் உள்ளவர்களுக்குப் பிளாஸ்மாவால் நோய் முற்றுவதோ உயிரிழப்போ குறையவில்லை என்று சொல்லியிருந்தது. சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்கியது 2021 மே 17-ஆம் தேதிதான். கொடையாளரின் பிளாஸ்மாவில் தடுக்கும் ஆன்டிபாடி எவ்வளவு என்று அளக்காமலேயே பல இடங்களில் ஏற்றப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு யாருடைய ஆன்டிபாடியையோ கடன் வாங்குவதற்கும் நம் உடலே செய்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அந்த வித்தியாசத்தைத்தான் லேப் எண் காட்டுவதில்லை.

ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் சிலருக்கு அக்குளில் நெறி கட்டும். பயந்து வருவார்கள். அந்த நெறிக்குள்தான் முக்கியமான வேலை நடக்கிறது. அங்கே ஆன்டிபாடி செய்யும் பி செல்கள் வைரஸின் புரதத்தைப் பிடித்துப் பார்த்து, தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்துகொள்கின்றன. மாறியதில் இன்னும் இறுக்கமாகப் பிடிப்பவை பிழைக்கும். பிடி தளர்ந்தவை அங்கேயே சாகும். வைரஸ் வெளியே செய்வதை நம் உடல் உள்ளே செய்கிறது. இது ஒரு வாரத்தில் முடிகிற காரியம் அல்ல. தொற்று வந்தவர்களை ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் சோதித்தபோது, ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு குறைந்திருந்தது. ஆனால் நினைவு பி செல்களில் (பார்த்த வைரஸை மறக்காமல் காத்திருப்பவை) மாற்றங்கள் கூடியிருந்தன, அவை செய்த ஆன்டிபாடிகள் முன்பைவிட இறுக்கமாகவும் திரிந்த ஸ்பைக்கையும் சேர்த்தும் பிடித்தன. எண் இறங்கிய அதே காலத்தில் தரம் ஏறியிருக்கிறது.

இரண்டு டோஸ்களுக்கு இடையே நாள் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கோவிஷீல்டு இரண்டு டோஸ்களையும் ஆறு வாரத்துக்குள் போட்டவர்களிடம் 55 சதவீதம், 12 வாரத்துக்கு மேல் விட்டுப் போட்டவர்களிடம் 81 சதவீதம் பாதுகாப்பு என்று பரிசோதனைகளில் தெரிந்தது. 2021 மே 13-இல் இந்தியாவில் இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டியபோது தட்டுப்பாட்டை மறைக்கத்தான் என்ற பேச்சு எழுந்தது. தட்டுப்பாடு இருந்தது உண்மை. இடைவெளியால் பயன் கூடியதும் உண்மை.

எண் ஏன் இறங்குகிறது என்றால், அது இறங்கத்தான் வேண்டும். ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி ஆன்டிபாடி ஏறக்குறைய 21 நாளில் பாதியாகும். தொற்றோ ஊசியோ வந்ததும் அவசரத்துக்கு ஆன்டிபாடி கொட்டும் செல்கள் சில வாரங்களில் செத்துவிடும். அதனால் முதல் சில மாதங்களில் எண் சரசரவென்று இறங்கும். பிறகு எலும்பு மஜ்ஜையில் குடியேறிய செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும், இறக்கம் மெதுவாகும். லேசான கோவிட் வந்தவர்களின் மஜ்ஜையில் 7 மாதம், 11 மாதம் கழித்தும் அந்தச் செல்கள் இருப்பதை எடுத்துப் பார்த்தே உறுதி செய்திருக்கிறார்கள். வந்துபோன ஒவ்வொரு நோய்க்கும் உச்ச அளவிலேயே ஆன்டிபாடி ஓடிக்கொண்டிருந்தால் ரத்தம் கூழாகிவிடும்.

‘அப்படியென்றால் ஊசி போட்டும் ஏன் மறுபடி வருகிறது?’ என்ற கேள்வி நியாயமானது. நினைவு செல்கள் எழுந்து புதிய ஆன்டிபாடியை ரத்தத்தில் நிரப்ப மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். 2020 வைரஸ் உடலுக்குள் நுழைந்து அறிகுறி காட்ட ஐந்தாறு நாள் எடுத்துக்கொண்டது. ஒமைக்ரானுக்கு மூன்று நாள் போதும். மூக்கிலும் தொண்டையிலும் அது முந்திக்கொள்கிறது. அங்கே காவல் நிற்க வேண்டியது ஐஜிஏ என்ற வேறு வகை ஆன்டிபாடி. கையில் போடும் ஊசி அதை அதிகம் உண்டாக்குவதில்லை. ஆனால் நுரையீரலுக்கு இறங்கி மூச்சை முட்டச் செய்ய வைரஸுக்கு இன்னும் சில நாள் வேண்டும். அதற்குள் நினைவு செல்கள் வந்துசேரும். கூடவே, தொற்றிய செல்களைக் கண்டு அழிக்கும் டி செல்கள். அவை ஸ்பைக்கின் வெளிப்புற வடிவத்தைப் பார்ப்பதில்லை. வைரஸ் புரதங்களைத் துண்டு துண்டாக்கி, தொற்றிய செல் வெளியே காட்டும் துணுக்குகளைப் பார்க்கின்றன. ஒமைக்ரானிலும் அந்தத் துணுக்குகளில் பெரும்பாலானவை மாறவில்லை. 2003-இல் சார்ஸ் வந்தவர்களிடம் 17 ஆண்டு கழித்தும் அந்த டி செல்கள் இருந்தன. காய்ச்சல் வந்தது, ஆக்சிஜன் தேவைப்படவில்லை என்றால் இதுதான் காரணம். லேபில் எடுத்த எண் இவற்றில் ஒன்றையும் அளப்பதில்லை.

நினைவு செல்களுக்கு ஒரு பலவீனமும் உண்டு. முதலில் பார்த்த வைரஸின் நினைவே முந்திக்கொண்டு எழும். ஒமைக்ரான் தொற்று வந்தவர்களிடம் புதிதாக உருவான ஆன்டிபாடிகளைவிட, வூஹானையும் ஒமைக்ரானையும் பொதுவாகப் பிடிக்கும் பழைய ஆன்டிபாடிகளே அதிகம் பெருகின. உடனடி உதவிக்கு இது நல்லது. ஆனால் புதிய இடங்களைப் பிடிக்கும் செல்கள் வளர இடம் குறைகிறது. பழைய வைரஸையும் ஒமைக்ரானையும் கலந்து போட்ட ஊசிகளில் எதிர்பார்த்த அளவு லாபம் வராததும் இதனால்தான் என்று பலர் கருதுகிறோம். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு, பழைய வைரஸை விட்டுவிட்டு எக்ஸ்.பி.பி. ஒன்றை மட்டும் வைத்து ஊசி செய்யச் சொன்னது. 2024 ஏப்ரலில் ஜே.என்.1-க்கு மாறச் சொன்னது. பழைய ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டு எண்ணை ஏற்றுவதில் அர்த்தம் குறைவு என்பதும் இதிலிருந்து வருவதே. ஊசி எந்தத் திரிபை வைத்துச் செய்தது என்று கேட்டுப் போடுங்கள்.

உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. ஆனால் நம் தெரு லேபில் செய்ய முடியாது. சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, அதிலுள்ள வேறு தடுப்புப் புரதங்களைச் செயலிழக்கச் செய்வார்கள். பிறகு 20-இல் ஒன்று, 40-இல் ஒன்று, 80-இல் ஒன்று என்று பாதி பாதியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு உயிருள்ள வைரஸைச் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். அந்தக் கலவையைக் குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களின் மேல் ஊற்றி, வைரஸ் கண்டபடி பரவாமல் இருக்கக் கூழ் ஒன்றை மேலே பூசி, மூன்று நான்கு நாள் கழித்துச் சாயம் ஏற்றுவார்கள். உயிருள்ள செல்கள் ஊதாவாக நிற்கும். வைரஸ் தின்ற இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகள் எந்த நீர்ப்பில் பாதியாகக் குறைகின்றனவோ அதுதான் விடை. இதையே ஒவ்வொரு திரிபையும் வைத்துத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். உயிருள்ள வைரஸ் என்பதால் மூன்றாம் நிலைப் பாதுகாப்புள்ள கூடம் வேண்டும். புனே தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற இடங்களில்தான் அது நடக்கும்.

அங்கேயும் சறுக்கல்கள் உண்டு. வைரஸின் அளவு கொஞ்சம் கூடினால் சீரம் பலவீனமானதாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் வைரஸையும் திருப்பி அளக்க வேண்டும். வீரோ செல்லில் பலமுறை வளர்த்தால் வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும், ஸ்பைக்கின் வெட்டுப்படும் இடத்தையே இழந்துவிடும்; பிறகு சோதிப்பது ஊரில் பரவும் வைரஸை அல்ல, பாட்டிலில் பழகிய வேறொன்றை. அதனால் சோதனைக்கு முன் அதன் மரபு வரிசையை மறுபடி படிக்க வேண்டும். ஒரு படி வித்தியாசம், அதாவது இரண்டு மடங்கு, இந்தச் சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். நான்கு மடங்காவது மாறினால்தான் பேசலாம். ‘புதிய திரிபு ஊசியை முறியடித்தது’ என்று எழுதும் முன் எத்தனை மடங்கு, யாருடைய சீரம், கடைசி ஊசியோ தொற்றோ வந்து எத்தனை மாதம் என்று நிருபர்கள் கேட்க வேண்டும். தடுக்கும் திறன் ஐந்து மடங்கு குறைந்தால் பாதுகாப்பும் ஐந்தில் ஒன்றாகிவிடாது.

நம் ஊர் லேப்களுக்கும் மாதிரி கொடுப்பவர்களுக்கும் சில நடைமுறை விஷயங்கள். முடி கொட்டாமல் இருக்கப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். சில கிட்கள் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் எண் பொய்யாக இறங்கும். அதிக அளவு சாப்பிடுகிறவர்கள் கடைசி மாத்திரைக்குப் பின் எட்டு மணி நேரமாவது விட வேண்டும். தொற்று வந்து இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் நெகட்டிவ் வருவது சகஜம். ஏற்காட்டிலிருந்து மாதிரி அனுப்புகிறவர்கள் முழு ரத்தமாக இறக்க வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, பையின் சூட்டில் வெந்து, சிவப்பணு உடைந்து வரும். அது இந்தச் சோதனையோடு நிற்காமல் கூடவே எடுக்கும் பொட்டாசியம் அளவையும் கெடுக்கும். அரை மணி நேரம் உறைய விட்டு, பத்து நிமிடம் சுழற்றி, சீரத்தைத் தனியே பிரித்து, 2 முதல் 8 டிகிரியில் ஐஸ் பேக்கோடு அனுப்பினால் போதும். ஆன்டிபாடி அவ்வளவு எளிதில் கெடாது; அந்தக் குளிரில் ஒரு வாரம் தாங்கும்.

இந்தச் சோதனைக்கு இடமே இல்லையா? உண்டு. கோவிட் வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துக் குழந்தைக்கு விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்று வலி என்று வந்தால், முன்பு தொற்று வந்ததா என்று அறிய இது உதவும். அங்கே ஒன்றை மறக்கக் கூடாது: ஐ.வி.ஐ.ஜி. ஏற்றும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஐ.வி.ஐ.ஜி. என்பதே ஆயிரக்கணக்கானவர்களின் ஆன்டிபாடிக் கலவை; ஏற்றிய பிறகு எடுத்தால் குழந்தையுடையதா கொடையாளர்களுடையதா என்று பிரிக்க முடியாது. ஊர் அளவில் கணக்கெடுக்கவும் இது பயன்படும். 2021 ஜூன், ஜூலையில் நாட்டில் 67.6 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது என்று தெரிந்தது இதனால்தான். காய்ச்சலோடு வந்தவருக்கு இப்போது கோவிடா என்று கேட்டால் இது உதவாது. ஆர்டிபிசிஆர் அல்லது ரேபிட் ஆன்டிஜன்தான் வழி. ரேபிட் கிட் தேடுவது உள்ளிருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதத்தை என்பதால் ஸ்பைக் மாறுவது அதை அதிகம் பாதிப்பதில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள் வேறு. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மைக்கோபினோலேட் சாப்பிடுகிறவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், மூட்டு வாதத்துக்கு ரிடக்சிமாப் போடுகிறவர்கள். ரிடக்சிமாப் பி செல்களையே துடைத்துவிடும். அது போட்ட சில மாதங்களுக்கு எந்த ஊசி போட்டாலும் ஆன்டிபாடி வராது, டி செல் மட்டும்தான் கை கொடுக்கும். இவர்கள் அடுத்த ரிடக்சிமாப்புக்கு நான்கு வாரம் முன்னதாகக் கோவிட் ஊசியைப் போட்டுக்கொள்ளும்படி தேதியைத் தங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும். காய்ச்சல் வந்த முதல் நாளே பரிசோதனைக்குப் போக வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால்தான் பயன். வீட்டில் உள்ள மற்றவர்கள் இருமினால் முகக்கவசம் போட வேண்டும். ஆன்டிபாடி எண் 2,000 என்று வந்தாலும் இதில் எதையும் தளர்த்தக் கூடாது.

லேப்களிடம் எங்கள் வேண்டுகோள்: ரிப்போர்ட்டில் கருவி, அலகு, ஸ்பைக்கா நியூக்ளியோகாப்சிடா, எந்த வைரஸின் புரதம் ஆகியவற்றைத் தமிழிலும் அச்சிடுங்கள். ‘பாதுகாப்பின் அளவைக் காட்டாது’ என்ற வரியைப் பொடி எழுத்தில் அடியில் போடாமல் எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். உடல் பரிசோதனைப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

மருத்துவர்களிடம் ஒன்று. நோய் எதிர்ப்புக் குறைந்த ஒருவருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் நீடித்தால், அந்த மாதிரியை மரபு வரிசைப் படிப்புக்கு அனுப்பும்படி சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். பலவீனமான ஆன்டிபாடியோடு வைரஸ் நீண்ட நாள் குடியிருக்கும் உடலில்தான் ஒரே மூச்சில் பல மாற்றங்கள் சேர்கின்றன. சென்னை தேனாம்பேட்டையில் மாநிலப் பொது சுகாதார ஆய்வகத்தில் 2021 செப்டம்பரில் தொடங்கிய வரிசைப் படிப்புக் கூடம் இருக்கிறது. சி.டி. மதிப்பு (ஆர்டிபிசிஆரில் வரும் எண்; வைரஸ் அதிகமிருந்தால் இது குறையும்) 25-க்குக் கீழே உள்ள மாதிரிதான் தெளிவாகப் படிக்கும் என்பதால் அறிகுறி தொடங்கிய முதல் சில நாளிலேயே எடுத்து, கடத்து திரவத்தில் வைத்து, குளிர் விடாமல் அனுப்ப வேண்டும். ஏற்காடு, கருமந்துறை, பச்சமலை பக்கத்து மாதிரிகளும் அந்தப் பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியில் உள்ள வாசகர்கள்,
சேலம்.